கண்ணை மூடினால் தரை இல்லை

முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினேன். மூடியதும் தரை இல்லை. குளியலறைச் சுவர் தோளில் வந்து மோதிய பிறகுதான் நான் சாய்ந்திருப்பதே தெரிந்தது. பத்து நாள் காய்ச்சல் அப்போதுதான் விட்டிருந்தது. அந்தப் பலவீனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தென்காசி ரத வீதியில் நான் நடந்தால் கோபுரமும் சேர்ந்து குதித்தது. நின்றால் அதுவும் நின்றது. கரண்ட் போய்விட்டால், கட்டிலிலிருந்து கதவுக்குப் போவது செங்கோட்டைக்குப் போகிற தூரமாகிவிட்டது.

“தலை எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குச் சொல்ற வெஸ்டிபுலர் உறுப்பு, உள்காதுல ரெண்டு பக்கமும் கெட்டுருக்கு,” என்றார் டாக்டர். “இனிமே கண்ணும் காலும்தான் உங்களை நிறுத்தணும்.”

“சீசனுக்கு அருவியில குளிக்கலாமா?”

“முதல்ல வீட்டுல கண்ணை மூடிட்டு நில்லுங்க. பெறகு பாப்போம்.”

அப்படிக் கேட்க வைத்தவள் வள்ளி. என் கொழுந்தன் மனைவி, மாடியில் குடியிருக்கிறாள். சாரல் விழுந்தால் தினமும் காலையில் குற்றாலம்தான். ஈரத் தலையோடு வந்து, ஒரு கையில் வாளி, மறு கையில் போன், கைப்பிடியைத் தொடாமல் படியேறுவாள். எனக்கு வயிறு எரியும். ஒரே ஒரு தடவை வழுக்கட்டுமே என்று நினைத்திருக்கிறேன். அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை.

பயிற்சி இதுதான்: சுவர் மூலையில் தலையணையைப் போட்டு, அதன்மேல் கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூட வேண்டும். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டேன். மாடியில் வள்ளியின் நடை கேட்கக் கேட்க, வீம்பாக மறுபடி ஏறி நின்றேன். பல மாதம் கழித்து, உள்ளங்காலின் எந்த ஓரம் அழுந்துகிறது என்பதை வைத்தே எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று தெரிய ஆரம்பித்தது.

அடுத்த சீசனில், அருவியடியில் இருக்கிற கம்பியை விடக்கூடாது என்ற நிபந்தனையோடு டாக்டர் அனுமதித்தார். பெண்கள் பகுதியில் வள்ளியும் நானும் அடுத்தடுத்து நின்றோம். தண்ணீர் தலையில் இறங்கியதும் கண் தானாக மூடிக்கொண்டது. உள்ளங்காலைக் கவனித்தேன். தரை இருந்தது.

யாரோ என் தோளை இறுக்கிப் பிடித்தார்கள். வள்ளிதான்.

வெளியே வந்து மூச்சு வாங்கினாள். “எக்கா, தெனமும் வாரேன். தண்ணி விழுந்தா மேல எது கீழ எதுன்னே எனக்குத் தெரிய மாட்டேங்கு. நீங்க மட்டும் எப்படிக்கா ஆடாம நிக்கிய?”

அவள் குரலில் பொறாமை இருந்தது. எனக்கு இனித்தது.

கோபுரம் இன்னும் குதிக்கிறது. மாடிக்கு ஏற ஒவ்வொரு படியிலும் நிற்கிறேன். அவள் ஏறி இறங்கும் நேரத்தில் நான் பாதிதான் போயிருப்பேன். ஆனாலும் தலையணையைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.