காத்தானின் எனாமல் குவளை

வளப்பூர் நாட்டுக் காத்தான், மலைக்கு ரோடு போடப் போன இடத்தில் பாறை சரிந்து புதைந்துபோனான். அது 1958. முகாமிலிருந்த அவனது எனாமல் குவளையை மேஸ்திரி அவன் மனைவி கண்ணாயியிடம் கொடுத்தார். அடியில் சாமைக் கஞ்சி காய்ந்திருந்தது.

“ஆளு எங்கீங்க?” என்றாள்.

“பாறைய நகத்த முடியல கண்ணு. அதுக்கு மேலயேதான் ரோடு போவுது.”

நான்காம் நாள் அவள் குவளையைக் கழுவி, அதிலேயே கஞ்சி ஊற்றிக்கொண்டு ஜல்லி சுமக்கப் போனாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

இரண்டு மாதத்தில் ரோடு அந்தப் பாறைக்கு வந்தது. அன்று மட்டும் அவளை வீட்டில் இருக்கச் சொன்னார் மேஸ்திரி.

“இல்லீங்க. அங்க நானே போடறேன்.”

மற்றவர்கள் கூடையைக் கவிழ்ப்பார்கள். கண்ணாயி ஜல்லியைக் கையால் அள்ளி அள்ளி வைத்தாள். அவள் முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.