கல்குவாரி ஊருக்கு ஒரு பிக்னிக்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிக்னிக் கூட்டிப் போக ஒரு காண்டிராக்டர் இலவசமாக பஸ் தருகிறார் என்று ஹெட்மாஸ்டர் சொன்னபோது, எல்லாரையும்விட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். அது என் வகுப்பு. எண்பதுகளின் நடுவில், தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்தேன். மாதுங்காவில் வீடு. பள்ளிக்கு நடந்தே வந்துவிடுவேன். என் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கடல் என்றால் மாஹிம் ஓரத்தில் சாக்கடை வந்து விழும் இடம்தான். மலையை ரயிலில் ஊருக்குப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள்.

"எங்க சார் கூட்டிண்டு போறார்?" என்று கேட்டேன்.

"பன்வேலுக்கு அந்தப் பக்கம். மலை, தண்ணி எல்லாம் இருக்காம். நீங்க வந்தா போதும், மத்ததெல்லாம் அவா பாத்துப்பா."

அந்த 'மத்ததெல்லாம்' என்னவென்று நான் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்? சுதந்திர தினத்துக்கு மிட்டாய் தருகிறவர், பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர். நல்ல மனுஷர் என்று பெயர்.

பஸ் போய் நின்ற இடத்தில் மலை பாதிதான் இருந்தது. மீதியை வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. சுற்றிலும் வேலி கிடையாது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரே காலியாகக் கிடந்தது. வரிசை வரிசையாகக் கூரையில்லாத அறைகள், கதவில்லாத ஒரு கடை, ஒரு குட்டிக் கோயில். ஒரு பள்ளிக்கூடம்கூட இருந்தது. சுவரிலேயே பூசிய கரும்பலகை மட்டும் மிச்சம். எத்தனையோ குடும்பங்கள் அங்கே கல் உடைத்துப் பிழைத்திருக்கின்றன. அந்தக் கல்தான் பம்பாயில் கட்டடமாகவும் ரோடாகவும் நிற்கிறது. கல் தீர்ந்ததும் முதலாளிகள் மோட்டாரைக் கழற்றினார்கள், கரண்டை வெட்டினார்கள், குழாயை அடைத்தார்கள். போங்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வழியில் ஒரு பையன் வாந்தி எடுத்திருந்தான். அவனைப் பஸ்ஸின் பின்பக்கம் கூட்டிப் போய் முகம் கழுவிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் பிள்ளைகள் கையிலெல்லாம் ஆளுக்கொரு கோணிப்பை. காண்டிராக்டரின் சூப்பர்வைசர் இந்தியில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இது ஒரு விளையாட்டு. இரும்பு, பித்தளை, ஒயர், எது கிடைத்தாலும் பொறுக்குங்கள். யார் பை நிறைகிறதோ அவர்களுக்கு பெரிய சாக்லேட்!"

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அந்த ஊரின் பழைய இரும்பை மொத்தமாக ஏலத்தில் எடுத்திருந்தார் காண்டிராக்டர். ஆள் வைத்துப் பொறுக்கினால் கூலி கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்றால் பூரி பாஜி போதும்.

ஹெட்மாஸ்டர் மர நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இது என்ன சார் அநியாயம்?" என்றேன்.

"விளையாடறதுகள், விடுங்கோ டீச்சர். எப்படியும் இதுகள் ஆத்துல பண்ற வேலைதானே?"

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட ஓடினேன். அறை அறையாக நுழைந்து ஒவ்வொருவரையாக வெளியே இழுத்தேன். ஊரின் கோடியில், மற்ற வீடுகளிலிருந்து தள்ளி, கருங்கல்லில் கட்டிய ஒரு சின்ன அறை இருந்தது. கூரை சரிந்து வாசலை அடைத்திருந்தது. கீழே ஒரு இடுக்கு. பெரியவர் யாரும் அதில் நுழைய முடியாது. அந்த இடுக்கிலிருந்து என் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஊர்ந்து வெளியே வந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. முகம் பூராவும் சிரிப்பு.

"டீச்சர், தாம்பா டீச்சர்! அசல் தாம்பா! எல்லாவனும் துருப்பிடிச்ச இரும்பத்தான பொறுக்குதான், என்னத்தப் பாருங்க!"

கை நிறையச் சின்னச் சின்னச் செம்புக் குழாய்கள். பேனா மூடி அளவுதான் இருக்கும். சிலவற்றில் ஒயர் துண்டு தொங்கியது. பையிலும் இருந்தன. அவள் அப்பாவுக்குத் தாராவியில் பழைய சாமான் பிரிக்கிற வேலை. செம்பு எது, பித்தளை எது என்று அவளுக்குத் தொட்டாலே தெரியும்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் ஒரு குரல், தமிழில்:

"அசையாத கண்ணு! கீழ போட்டுராத! அப்படியே நில்லு!"

நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, தலையில் இருந்த விறகைத் தள்ளிவிட்டு வந்தாள். அந்த ஊரில் மிஞ்சியிருந்த ஒரே குடும்பம் அவளுடையது என்று பிறகு சொன்னாள். சேலம் பக்கத்திலிருந்து கல் உடைக்க வந்தவர்கள். போக வேறு இடமில்லாமல் தங்கிவிட்டார்கள்.

"என்னம்மா அது?" என்றேன்.

"கேப்பு. வெடிக்கு வெக்கிற கேப்பு. அது வெடிமருந்து ரூமு டீச்சர். என் பையன் ஒண்ணே ஒண்ண எடுத்துக் கல்லுல தட்டுனான். மூணு வெரலு போச்சு."

சிறுமியின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. அந்தப் பெண் முந்தானையை விரித்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழாய்களை எடுத்தாள். பையையும் வாங்கிக்கொண்டாள். பூப்பறிக்கிற மாதிரி அத்தனை மெதுவாக. பிறகு பள்ளத்தின் ஓரமாக இறங்கிப் போய், எல்லாவற்றையும் தண்ணீருக்குள் நழுவவிட்டாள். அவள் மேலே வரும்வரை நான் சிறுமியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்தார். "என்ன கலாட்டா?"

"உள்ளே வெடி இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டேன்.

"எல்லாம் பழசு மேடம். மழையில் ஊறிப்போனது. ஒன்றும் ஆகாது."

தெரிந்திருக்கிறது. பெரியவர் நுழைய முடியாத இடுக்கு என்றும் தெரிந்திருக்கிறது. இடுக்குக்கு வெளியே ஒரு குழாய் மட்டும் உருண்டு கிடந்தது. அதைக் காட்டினேன்.

"அப்படியென்றால் நீங்கள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பம்பாய் போய்ச் சேரும்வரை."

அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். சுற்றிக் கூடியிருந்த பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே, ஒவ்வொருவராகத் தங்கள் பையைத் தரையில் வைத்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகப் பிள்ளைகள் எதையும் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்கோ" என்றேன். ஹெட்மாஸ்டர் என்னவோ சொல்ல வந்தார். நான் திரும்பவில்லை. பூரி பாஜியை யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் போலீஸ் சௌக்கிக்குப் போனேன். "யாராவது செத்தார்களா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். இல்லை என்றேன். "பிறகென்ன?" என்றார். அது தங்கள் எல்லைகூட இல்லை என்றார். ஹெட்மாஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டு, நான் பள்ளிக்கு வர வேண்டிய உதவியைக் கெடுப்பதாகச் சொன்னார். "ஒண்ணும் ஆகலையே, ஏன் இவ்வளவு ஆத்திரம்?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என் ஆத்திரம் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? ஏதாவது ஆகியிருந்தால் நாலு பேர் வாயைத் திறந்திருப்பார்கள்.

அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாசலில் குந்தி உட்கார்ந்து சாமான் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார், என்னோடு சேர்ந்து சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிரித்துப் போட்டிருந்த குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

"குழாய் எப்படி இருந்திச்சி டீச்சர்?" என்று கேட்டார்.

வரைந்து காட்டினேன்.

"இது நம்ம கோணியிலயும் வரும்லா டீச்சர். எங்கெங்கயோ இருந்து வருது. கையாலதான் பிரிக்கோம். வெடின்னு ஒரு பயலும் சொல்லல." பிறகு குரலைத் தாழ்த்தி, "பள்ளிக்கூடம் விட்டு வந்தா அவளும்தான் உக்காந்து பிரிக்கா," என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு நடந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரிந்த கோபம் சுலபம். இது அப்படியில்லை. அந்தக் காண்டிராக்டரை மட்டும் திட்டி முடித்துவிட முடியாது என்று ஆகிவிட்டது.

அடுத்த நாள் காலை கரும்பலகை முழுவதும் அந்தக் குழாயைப் பெரிதாக வரைந்தேன். ஒயர் வைத்தது, ஒயர் அறுந்தது, நசுங்கியது என்று எல்லா விதமாகவும். எங்கே கண்டாலும் தொடக்கூடாது, தட்டக்கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். வீட்டிலும் போய்ச் சொல்லச் சொன்னேன். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் வராந்தாவில் உட்கார வைத்தேன்.

ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். "இது எந்தப் பாடம் டீச்சர்?"

"எழுதிக்கோங்கோ சார், எந்தப் பாடம்னு வேணாலும் எழுதிக்கோங்கோ" என்றேன்.

அந்த வருஷக் கடைசியில் என்னைக் குர்லாவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் முதல் வாரத்தில் அதே படத்தை வரைந்தேன்.