அழகையாவின் முறை

டிலானி ஆட்டோ ஓட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. பிலிமத்தலாவைக்கு மேலே, அவள் வீட்டுக்குப் போகும் செங்குத்துப் பாதையில் மழை நாளிலும் வண்டியைப் பின்வாங்காமல் ஏற்றிவிடுவாள். ஆனாலும் கீழே, வண்டிகள் ஹயருக்கு வரிசையில் நிற்கும் ஆட்டோ பார்க்கில் அவளுக்கு இடம் இல்லை. இடம் அவள் புருஷன் அஜந்தனுடையது. அவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து கருமாதியும் முடிந்த பிறகு, பார்க் தலைவர் மஹ்மூத் நானா வீடு தேடி வந்தார். நல்ல மனுஷர். டிலானியின் மகள் அனுஷியாவுக்கு பிஸ்கட் கூட வாங்கி வந்திருந்தார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்டுமில்ல. பொம்புளக்கி எடம் குடுக்க ஏலாண்டு மத்தவங்கதான் நிக்கிறாங்க. ஊட்டுல ஆம்புள ஆரும் ஈந்தா, அவர்ட பேருல போடலாம்."

வீட்டில் ஓர் ஆம்பிளை இருக்கத்தான் செய்தார். அஜந்தனின் அப்பா அழகையா. சாப்பிட்டதும் மறந்துபோகும், மகன் செத்ததும் மறந்துபோகும் அவருக்கு. ஆட்டோ ஓட்டும் இருக்கையில் ஒரு நாளும் உட்கார்ந்தவரில்லை. அதனாலென்ன, மீசை இருந்ததே! கூட்டம் கூடி அவர் பேரிலேயே இடத்தை எழுதினார்கள்.

ஒரே ஒரு சட்டம். இடத்துக்காரர் பார்க்கில் இருக்க வேண்டும். இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் படுத்திருப்பவர்களுக்காகப் போட்ட பழைய சட்டம் அது. ஆள் வராவிட்டால் வண்டி வரிசையில் நிற்க முடியாது. எல்லாருக்கும் ஒரே நியாயமாம்.

அன்றிலிருந்து டிலானி விடிந்ததும் மாமனாரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பார்க்கிலிருந்த மர வாங்கில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். "அழகையா அண்ணே, ஒங்க டேர்ன்!" என்று கூப்பிடுவார்கள். கிழவர் சிரிப்பார். டிலானி ஸ்டார்ட் பண்ணுவாள். ஒரு ஹயர் ஓட்டத்துக்கு எவ்வளவு கேட்பது என்று கூட்டம் நடந்தால், யாராவது அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். அது அவருடைய ஓட்டு. அந்த நேரம் டிலானி எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கப் போயிருப்பாள்.

முதல் மாதம் அழுதாள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, கோபம் வருகிறதா என்று சில நாள் தன்னையே சீண்டிப் பார்ப்பாள். வராது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, அழகையா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு ஏற மறுத்தார். முந்தின நாளும் இதே பிடிவாதம். இன்றும் ஆள் வராவிட்டால் இடத்தை வேறொருவனுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று மஹ்மூத் நானா ஃபோனில் சங்கடப்பட்டிருந்தார்.

"ஏறுங்க மாமா, நேரமாச்சு."

"பொம்பள ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்."

"தெனமும் இதுலதான போறோம்?"

"மானக்கேடு. எம் மகன் எங்க? அவன் ஓட்டட்டும், வாரேன்."

இதைக் கேட்டால் யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். டிலானிக்கு வந்தது, வண்டி வரிசையை விட்டுப் போய்விடுமே என்ற யோசனை மட்டும்தான். உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். அஜந்தனின் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். தலைமுடியை அவனுடைய தொப்பிக்குள் சுருட்டித் திணித்தாள். பின்வாசலால் சுற்றி வந்து, முகத்தைத் திருப்பாமல் முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, அப்பா வந்தாச்சு," என்றாள் அனுஷியா. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கிழவர் முகம் மலர்ந்து, தானாகவே ஏறி உட்கார்ந்தார். கையை நீட்டி முன்னாலிருந்த முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"நீ இருக்கக்குள்ள அவள எதுக்குடா ரோட்டுல விட்ட? மெதுவா போ."

"சரிப்பா," என்றாள் டிலானி, குரலைத் தடிப்பாக்கி.