சும்மா நிற்கும் இருபது ஆடுகள்

ஆட்டு டாக்டரம்மாவின் இருபத்தாறு ஆண்டு ஆராய்ச்சி வாழ்வில் அவர் செய்த ஒரே குற்றம், மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்தது. நிர்வாகத்தை நம்பி ஆட்டை விட்டுவிட்டுப் போனவருக்கு மன்னிப்பு கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், அம்மை கண்டு செத்த ஆடு ஒன்றை ஒரு மேய்ப்புக்காரி தோளில் சுமந்து வந்து அவருடைய மேசைமேலேயே கிடத்தினாள்.

"ரெண்டு வருசம் முன்னாடி நீங்கதானே ஊசி போட்டீங்க? மூணு வருசம் தாங்கும்னீங்களே. இப்ப சொல்லுங்க!"

டாக்டரம்மா மருந்துப் புட்டியைத் திருப்பிப் பார்த்தார். மூன்று ஆண்டு என்றுதான் அச்சிட்டிருந்தது. யார் சோதித்தார்கள் என்று பழைய கோப்புகளைக் குடைந்தார். ஓராண்டுவரைக்கும் சோதித்திருந்தார்கள். மீதி இரண்டும் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டவை.

அன்று பிடித்த கோபம் அவரை விடவில்லை. கொப்புளத்தைச் சுரண்டினார், கிருமியை வளர்த்தார், ஆயிரக்கணக்கான இரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டினார். இருபது ஆண்டு மனுப் போட்டபின் முறையான சோதனைக்கு அனுமதி வந்தது. இருபது ஜோடி இரட்டைக் குட்டிகள். ஜோடியில் ஒன்றுக்கு ஊசி, மற்றதற்குக் கிடையாது. மூன்று ஆண்டு நோய் அண்டாமல் வளர்த்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் அம்மைக் கிருமியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஊசி போட்டதும் போடாததும் ஒன்றுபோல் நோயில் படுத்தால், புட்டியில் அச்சிட்டிருப்பது பொய்.

இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. அப்போதுதான் மாமியாருக்குக் கண் மங்கியது.

திரும்பி வந்தபோது கொட்டகைக்காரர் வாசலிலேயே தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அம்மா, என்னைத் திட்டாதீங்க. எவ்வளவோ சொன்னேன். பாக்கி இருபதையும் முடிச்சுடுன்னு நின்னாரு."

"என்ன பாக்கி?"

"ஊசி போடாத இருபதுக்கும் போட்டாச்சும்மா. போட்டோகூட எடுத்தாங்க."

'நின்னாரு' என்றால் இயக்குநர். முன்பு சாலைத் துறையில் குழி அடைத்த கணக்கைக் கவனித்தவர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சதவீதம்'.

"வாங்க டாக்டரம்மா!" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "மூணு வருசமா அம்பது சதவீதத்துலயே நின்னுட்டீங்க. மேலிடத்துல நான் எப்படி மூஞ்சிய காட்டுறது? நானே முடிச்சுக் குடுத்துட்டேன். இப்ப நூறு!"

"சார், அந்த இருபதுக்கும் ஊசி போடாம இருக்கிறதுதான் சார் ஆராய்ச்சியே."

"போடாம இருக்கிறதுக்கு எதுக்கும்மா டாக்டர்? அத நானே செய்வேனே."

"அதைத்தான் சார் நீங்க செய்யல."

சதவீதம் சற்று யோசித்தார். பிறகு, உதவி செய்கிறவர் குரலில், "சரி, போடலைன்னே எழுதிடுங்க. ஆடு வந்து சாட்சியா சொல்லப்போகுது?" என்றார்.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறிப்போயிருக்கும். நேராகத் தன் அறைக்குப் போய் ஆய்வு நோட்டைத் திறந்தார். இருபத்தாறு ஆண்டில் ஒரு பொய் எண் ஏறாத நோட்டு. 'இயக்குநர் உத்தரவால் எல்லா ஆடுகளுக்கும் ஊசி. சோதனை முடிந்தது. விடை தெரியாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்திலும் பதிந்தது. நூறு சதவீதத்துக்காக நிறுவனத்துக்குக் கேடயம் வந்தது.

ஓய்வு பெற மூன்று ஆண்டு நான்கு மாதம் இருந்தது. புதிதாக நாற்பது குட்டி கேட்டு எழுதினார். கணக்கு குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இருபதுக்குத்தானே மேடம் ஊசி? மீதி இருபது எதுக்கு?"

"சும்மா நிக்க."

"சும்மா நிக்க இங்க ஆளுங்களே இருக்காங்களே மேடம், ஆடு வேற எதுக்கு?"

மறுநாளிலிருந்து டாக்டரம்மா மனுக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். பேசவில்லை, வெறுமனே பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் டீ தொண்டையில் இறங்காது. பதினோராம் நாள் கோப்பு நகர்ந்தது. குட்டிகள் வந்து சேர்ந்தபோது ஓய்வுக்கு மூன்று ஆண்டும் ஏழு வாரமும் மிச்சம். இன்னொரு முறை தொடங்க நாள் கிடையாது.

ஊசி போடாத குட்டிகளின் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். வெள்ளைப் பெயின்ட் வாங்கிவரச் சொல்லி, கதவில் தன் கையாலேயே எழுதினார்: 'இங்குள்ள எல்லா ஆடுகளுக்கும் ஊசி போடப்பட்டுவிட்டது. நூறு சதவீதம்.'

கொட்டகைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, பொய்யாச்சே!"

"பச்சைப் பொய்தான். கதவுலதானே எழுதினேன், நோட்டுலயா?"

அடுத்த வாரம் சதவீதம் பரிவாரத்தோடு வந்தார். கதவை இருமுறை படித்தார், "பாத்தீங்களா, ஒரு தடவை வழிகாட்டினா போதும்" என்று உடன் வந்தவர்களிடம் சொன்னார். பூட்டைத் தொடவில்லை.

ஜீப் வாசலைத் தாண்டும்வரை நின்றிருந்த டாக்டரம்மா, உள்ளே போய்க் குட்டிகளை எண்ணினார். பிறகு நோட்டைத் திறந்து, தேதியும் நேரமும் போட்டு எழுதினார்: 'ஊசி போடப்படாதவை: இருபது.'