இனிகோவின் நாக்கும் மருமகளின் கறுப்பு பீரும்

தூத்துக்குடி மில்லர்புரத்தில், முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மக்ரூன் போடும் இனிகோவுக்கு அறுபத்து மூன்று வயது. அவருக்குச் சொத்து என்றால் கடையோ வீடோ அல்ல, நாக்குதான். அது அப்பன் வழியில் வந்தது. அப்பா கஸ்பார் சங்கு குளிக்கப் போனவர். கடல்தண்ணீரை வாயில் வைத்தே, வள்ளம் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவாராம். கூடப் போன சித்தப்பா மட்டும், "அவன் கரையில தெரியுத கோயில் கோபுரத்தைப் பாத்துட்டுல்லா சொல்லுவான்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக இனிகோ அந்தச் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

மருமகள் ஜெனிலா பெங்களூரில் பீர் தயாரிக்கும் வேலையில் இருக்கிறாள். மகன் ஜெஃப்ரி அவளைக் கட்டும்போது, "நம்ம குடும்பத்துல குடிச்சவன் உண்டு, காய்ச்சுனவ கிடையாது" என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நாலாம் நாள் அவள் வைத்த மீன்குழம்பு அந்த முகத்தை இறக்கிவிட்டது.

ஈஸ்டருக்கு வந்தவள், மறுநாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு பாட்டிலை மேஜையில் வைத்தாள்.

"மாமா, இது ஸ்டவுட், கறுப்பு பீரு. மக்ரூன் போட்டுச் செஞ்சது. நீங்க சரின்னு சொன்னாத்தான் பாட்டில்ல தூத்துக்குடிப் பேரை ஒட்டுவேன்."

அவர் மனைவி பிளாரன்ஸ் பாயசத்துக்கு வைத்திருக்கும் கிளாஸைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். "டாக்டர் இனிப்பே ஆகாதுன்னாரு, ஞாபகம் இருக்கட்டும்."

"ஏளா, பீரு எப்படி இனிப்பாகும்?"

ஊற்றியது கருப்பட்டிப் பாகு போல இறங்கியது. மேலே காப்பி நிறத்தில் நுரை. இனிகோ முகர்ந்தார். கண்ணை மூடி ஒரு வாய் வைத்தார். காப்பிக் கசப்பு வந்தது, பிறகு சாக்லேட், அதன் பின்னால் சுட்ட சர்க்கரை. தொண்டையில் இறங்கும்போது சூடு. கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைக்கும் ஒயினை விரலால் தொட்டு நக்குவதோடு சரி என்று இருந்த மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் நாக்கு தன் வேலையை விடவில்லை.

"எல்லாம் சரி. முந்திரிதான் கெட்டுக் காறுது. எந்தக் களவாணிப்பய கடையில மக்ரூன் வாங்குன?"

ஜெனிலா மாமியைப் பார்த்தாள். மாமி சிரிப்பை முந்தானையில் மறைத்தாள்.

"உங்க கடையிலதான், மாமா. பொங்கலுக்கு வந்தப்ப ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போனேன்."

இனிகோ வசமாக மாட்டிக்கொண்டார். காறல் உண்டு என்றால் நாற்பது வருஷக் கைக்குக் கெட்ட பேர். இல்லை என்றால் நாக்குக்குக் கெட்ட பேர், சித்தப்பா சொன்னது மெய்யாகிவிடும். பிளாரன்ஸ் விடுவாளா? "எதை விடப் போறீங்க? கையையா, நாக்கையா?"

"பெங்களூர்ப் பாத்திரத்துல கெட்டிருக்கும்" என்று முனகிவிட்டு, இனிகோ சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தார்.

அங்கே சுடலைக்கண்ணு முட்டையின் வெள்ளைக்கரு அடித்துக்கொண்டிருந்தான். இருபது வருஷமாகக் கூட இருக்கும் ஆள். இனிகோ முந்திரி மூட்டையில் கைவிட்டு ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார். காறல்!

"ஏலே, இது எப்ப இருந்து?"

"கிறிஸ்துமஸ் மழையில நனைஞ்ச சரக்குல்லா, அண்ணாச்சி. வாங்குன ஆளுக ரெண்டு பேரு சொல்லவும் செஞ்சாங்க. 'என் நாக்குக்குத் தெரியாததா'ன்னு நீங்கதான விரட்டுனீங்க?"

"நான் வாயில வச்சுப் பாத்தேனாடே?"

"எங்க பாத்தீங்க? டாக்டர் சுகர்னு சொன்னதுலருந்து ஒரு துணுக்குகூட வாயில வைக்கலியே!"

மூட்டையைக் கட்டி வெளியே போடச் சொன்னார். அன்றைக்குச் சுட்டதை விற்க வேண்டாம் என்று கதவையும் இழுத்துச் சாத்தினார். திரும்பும்போது நடையில் கல்யாண வீட்டுக்காரரின் மிடுக்கு. வாசலிலேயே சத்தம்:

"நாக்கு தோக்கலளா, பிளாரன்ஸு!"

"கை தோத்துட்டுல்லா! அதுக்கா இந்தச் சிரிப்பு?"

"கையைத் திருத்திக்கிடலாம். ஜெனிலா, ஊர்ப் பேரை இதுல ஒட்டாத. புது முந்திரில நானே போட்டுத் தாரேன், தினம் ஒரு துணுக்கு கடிச்சுப் பாத்து. அதுல ஒட்டு."

"அப்ப இந்த பீருக்கு என்ன பேரு வைக்க, மாமா?"

இனிகோ கிளாஸை எடுத்தார். மிச்சத்தை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தார்.

"இனிகோன்னு வையி. காறல் நம்ம வீட்டுச் சரக்குதான?"

சொல்லிவிட்டு, காறுகிறதா என்று இன்னொரு தடவை சரிபார்த்தார். மூன்றாவது தடவை சரிபார்க்குமுன் பிளாரன்ஸ் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.