இடிக்குப் பயந்து நிறுத்திய மின்சாரம்

ஐயா, வணக்கம்.

தொண்டை அறுவைக்கு முன் என் மனைவி, "இனிமே ஏசுறதுக்கு ஆளில்லைன்னு ஆடாதீங்க" என்று சிரித்ததைக் கைப்பேசியில் பதிந்திருந்தேன். அத்துடன் அவர் குரல் போயிற்று.

அப்பதிவைக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் அழித்தேன். உடனே இடி இடிக்கவே, எங்கள் திருவரங்குளத்து வழக்கப்படி மெயின் சுவிட்சை இறக்கினேன். பின்னர்க் கணினியை இயக்கிப் பார்த்தால் கோப்பின் பெயர் இருந்தது, குரல் இல்லை.

கணினி பழுதுபார்ப்பவர் விளக்கினார்: "டிஸ்க்குல செய்யப்போற மாத்தத்தை கம்ப்யூட்டர் முன்கூட்டியே ஜர்னல்னு ஒரு குறிப்பேட்டுல குறிச்சுக்கும்ங்க ஐயா. அதனாலதான் மத்த ஃபைலெல்லாம் தப்பிச்சுச்சு. ஆனா இதுல பேரைத்தான் குறிச்சிருக்கு. குரல் மெமரியிலேருந்து டிஸ்க்குக்குப் போறதுக்குள்ள கரண்டை நிறுத்திட்டீங்க."

இப்போதெல்லாம் கணினியை முறையாக அணைத்து, மீண்டும் இயக்கி, பிரதியைக் கேட்ட பின்னரே மூலத்தை அழிக்கிறேன். மனைவியோ, போகட்டும் என்று கையசைக்கிறார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அவர் சொன்ன அந்த வரி இனி எழுத்தில் மட்டுமே இருப்பதால், இக்குறிப்பைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.