கேக்கில் கலந்த ஏழு இரும்புக் குண்டுகள்

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஊர் கோயம்புத்தூர் பக்கத்து மதுக்கரை. நான் குடியிருப்பது குறிச்சியில். மொபெட்டில் போனால் இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நான் லேத் வேலை செய்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. முப்பது வருடத்துக்கு மேலாக இரும்பு கடைகிறேன். எழுதிப் பழக்கமில்லை. மனைவி எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருமுறை பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் கேக்குக்கு க்ரீம் பூசிக்கொண்டிருந்தார். கேக் சுற்றியது. அவர் கத்தியை அசைக்காமல் பிடித்திருந்தார். பக்கச் சுவர் வழவழவென்று வந்தது. இதுவும் லேத்துதானே என்று தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மனைவி இழுக்கும்வரை நின்றேன்.

சுவர் நேராக, ஓரம் கூராக, கத்தித் தடமே தெரியாமல் ஒரு கேக் செய்ய வேண்டும். ஒன்றே ஒன்று. அன்றைக்கு மனதில் விழுந்தது அவ்வளவுதான்.

“ஏனுங்க, சோத்துக் குண்டா எங்க இருக்குதுன்னு தெரியாது, நீங்க கேக்கு சுடறீங்களாக்கும்?” என்று மனைவி சிரித்தாள். ஆனால் ஓவன் வைக்க அடுப்பு மேடையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தவளும் அவள்தான். பட்டறையிலும் கேலி பண்ணினார்கள். “அண்ணா, கேக்குக்குக் கூலண்ட் ஊத்துவீங்களா?” என்பார்கள். கடையும்போது இரும்பு சூடேறாமல் இருக்க ஊற்றுவது அது. திங்கட்கிழமை மிச்சக் கேக்கைக் கொண்டுபோனால் முதலில் கை நீட்டுவது அவர்கள்தான்.

கேக்கை வைத்துச் சுற்ற ஒரு டர்ன்டேபிள் வேண்டும். கடையில் வாங்கியது ஆடியது. ஆடினால் சுவர் நேராக வராது. நானே ஒன்று கடைந்தேன். இரண்டு வட்டத் தகடு, இரண்டுக்கும் நடுவில் பள்ளம், பள்ளத்தில் சின்னச் சின்ன ஸ்டீல் குண்டுகள். பேரிங்கில் இருக்குமே, அதுதான். மிளகு அளவு. புதுக் குண்டுகளை வாங்கி, எண்ணெய் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்துப் போட்டேன். விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் சுற்றியது. பன்னிரண்டு குண்டு மிச்சம். காலிப் பெருங்காய டப்பா ஒன்றில் போட்டு சமையலறை அலமாரியில் வைத்தேன். டப்பாவில் பெயர் எழுதவில்லை.

எங்கள் பட்டறைக்குப் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் ஒரு அம்மா. மதுக்கரைக்காரர். என் கேக்கை ஒருதரம் தின்று பார்த்திருந்தார். அவர் மகளுக்குப் புதுநன்மை வந்தது. கத்தோலிக்கக் குழந்தைகள் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். அதற்கு என்னிடம் கேக் கேட்டார். வெளியாள் கேட்டது அதுதான் முதல். மேலே செபமாலை போட வேண்டும் என்று அந்தப் பெண் குழந்தை ஆசைப்பட்டது. போனில் அதுவே பேசியது.

“மாமா, சின்ன மணி அம்பத்து மூணு, பெரிய மணி ஆறு. எண்ணி வெக்கோணும். ஒண்ணு கொறஞ்சாலும் நான் கண்டுபிடிச்சிருவேன்.”

வயது பத்துதான் இருக்கும். எங்கள் பட்டறை முதலாளி மாதிரி பேசியது.

பெரிய மணியைக் க்ரீமிலேயே வைத்துவிடலாம், சின்ன மணிக்கு வெள்ளி நிறச் சர்க்கரை முத்து இருக்கிறது. வாயில் போட்டால் கடிபடும். என்னிடம் கொஞ்சம் இருந்தது. அதுவும் அதே மாதிரி இன்னொரு பெருங்காய டப்பாவில்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் க்ரீம் பூசி முடித்தேன். அன்றைக்குத்தான் நான் நினைத்த மாதிரி வந்தது. சுவர் நேர். ஓரம் கூர். எங்கும் தடமில்லை. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பிறகு இடுக்கியால் ஒவ்வொரு மணியாக எடுத்து வைத்தேன். சில மணிகள் க்ரீமில் கொஞ்சம் அதிகமாக அமுங்கின. க்ரீம் இளகுகிறது என்று நினைத்து, கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துத் தொடர்ந்தேன். மயிரிழை வித்தியாசத்தை விரலால் தடவியே சொல்கிறவன் நான். எடை வித்தியாசம் கையில் தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை. சுவர் நேராக வந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஞாயிறு எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆட்டோவில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோயிலை ஒட்டிய சின்ன ஹாலில் மேசை மேல் இறக்கினேன். குழந்தை வெள்ளை உடுப்பில் வந்து ஐம்பத்து மூன்றையும் எண்ணிப் பார்த்தது. தலையை ஆட்டியது. பாஸ் பண்ணிவிட்டேன். பூசைக்கு மணி அடிக்கவும் எல்லோரும் கோயிலுக்குள் போனார்கள். நான் வீட்டுக்கு வந்தேன்.

வந்து டர்ன்டேபிளைக் கழுவினேன். லேசாகக் கரகரத்தது. இன்னொரு குண்டு சேர்த்தால் சரியாகும் என்று டப்பாவைத் தேடினேன். காணவில்லை. மனைவியைக் கேட்டேன்.

“எந்தக் குண்டுங்க?”

“பெருங்காய டப்பாவுல வெச்சிருந்தனே.”

“அதுங்களா? ரெண்டு டப்பாவுலயும் அடியில கொஞ்சங் கொஞ்சம் முத்து கெடந்துதுங்க. ஒண்ணுலயே கொட்டிப்போட்டு, இன்னொண்ணக் கழுவி மொளகுத்தூள் போட்டு வெச்சனுங்க. வெள்ளிக்கிழமையே பண்ணிட்டனே.”



முத்து டப்பாவைத் தட்டத்தில் கொட்டினேன். பட்டறைப் பையில் பேனா மாதிரி ஒரு காந்தம் இருக்கும். மெஷினுக்குள் விழுந்த ஸ்குரூவை எடுக்க வைத்திருப்பது. அதைக் காட்டினேன். ஐந்து குண்டு ஒட்டியது. மிச்சம் ஏழு. அடுப்பு மேடை, தரை, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் காந்தத்தை ஓட்டிப் பார்த்தேன். இல்லை. ஏழும் கேக்கின் மேல்தான் இருக்க வேண்டும்.

இருபது முப்பது குழந்தைகள் வரும் விசேஷம் அது. கடித்தால் பல் போகும். கைக்குழந்தையின் தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. கோயிலுக்குள் இருப்பார்கள். மனைவி அடுப்படியில் உட்கார்ந்து, “நான் என்ன காரியம் பண்ணிப்போட்டனுங்க” என்று தலையில் கை வைத்தாள். “நீ போன் போட்டுட்டே இரு” என்று சொல்லி, காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்தேன்.

வழியெல்லாம் சிமெண்ட் லாரி. அவசரத்தில் முந்தப் போய் ஒன்றின் சக்கரத்துக்குப் பக்கம்வரை போய்விட்டேன். அப்புறம் நிதானமானேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. மணியெல்லாம் அழகுக்கு வைத்தது, யாரும் சாப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும். மானம் போகாது. கொஞ்ச தூரம் அந்த யோசனையோடு போனேன். நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஆனால் குழந்தைகள் முதலில் எடுப்பதே அந்த மணியைத்தான். வேண்டாம் என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் எடுக்கும். ஹாலுக்குள் போனதும் உள்ளதைச் சொல்வது என்று முடிவு செய்தேன். இதோடு கேக் சுடுவதை விட்டுவிடுவது என்றும் முடிவு செய்தேன்.

நான் உள்ளே ஓடியபோது பூசை முடிந்து எல்லோரும் வந்திருந்தார்கள். குழந்தைகள் காகிதத் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. ஒரு துண்டு வெட்டியாகிவிட்டது. அந்தக் கோயிலின் பங்குச் சாமியார் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கேக்கத் திங்காதீங்க! யாரும் திங்காதீங்க!” என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டை நிறுத்தினார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். மணியில் ஏழு இரும்புக் குண்டு கலந்துவிட்டது, டப்பாவில் பெயர் எழுதாமல் வைத்தது என் தப்பு என்றேன். மனைவி பேச்சை எடுக்கவில்லை.

குழந்தையின் தாய்மாமன் முன்னால் வந்தார். “ஏனுங்க, பச்சக் கொழந்தைங்க திங்கறதுல இரும்பப் போட்டிருக்கறீங்களே! லேத்து ஓட்டறவருக்கு கேக்கு எதுக்குங்க?” என்றார். அந்தக் கோபத்திலும் ‘ங்க’ விடவில்லை. அது இன்னும் வலித்தது. நான் தலை குனிந்து நின்றேன்.

அந்த அம்மா மட்டும் கத்தவில்லை. கேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எத்தனைங்க?”

“ஏழுங்க.”

“எடுத்துருவீங்களா?”

“எடுத்துர்றனுங்க.”

“அப்ப எடுங்க.”

சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் காந்தத்தைக் கழுவினேன். மெல்லிய பாலித்தீன் உறையைச் சுற்றினேன். கேக்குக்கு மேலே விரல்கடை உயரத்தில் மெதுவாக நகர்த்தினேன். முதல் குண்டு க்ரீமை விட்டு எழும்பி வந்து ‘டிக்’ என்று ஒட்டியது. குழந்தைகள் “ஒண்ணு!” என்றன. அவ்வளவுதான், வரிசை கலைந்து மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ரெண்டு. மூணு. ஒவ்வொன்றுக்கும் கத்தினார்கள். அவர்களுக்கு அது வித்தை மாதிரி. எனக்கு வியர்வை கண்ணில் இறங்கியது.

ஆறு வந்தது. ஏழாவது வரவில்லை. மறுபடி ஓட்டினேன். பக்கச் சுவரில், அடித்தட்டில், மேசைத் துணியில் பார்த்தேன். இல்லை.

வெட்டிய துண்டு ஒன்றுதான் பாக்கி. எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். தட்டில் பாதித் துண்டுதான் இருந்தது.

“ஃபாதர், முழுங்கிட்டீங்களா?” என்று புதுநன்மை வாங்கிய அந்தக் குழந்தை கேட்டது. பாவம், அழப்போகிற மாதிரி இருந்தது.

சாமியார் வாயில் இருந்ததை மென்று முடித்தார். “எனக்கு மேல்வரிசை பூராவும் கட்டுன பல்லு கண்ணு. கெட்டியா எது வந்தாலும் ஓரமா வெச்சிருவேன்” என்று தட்டைக் காட்டினார். ஓரத்தில் மூன்று மணி ஒதுக்கி வைத்திருந்தார். காந்தத்தை நீட்டினேன். இரண்டு அசையவில்லை. ஒன்று துள்ளி வந்து ஒட்டியது.

“ஏழு!” ஹாலே கத்தியது.

திரும்பவும் ஒருமுறை கேக் முழுக்க ஓட்டினேன். எதுவும் வரவில்லை.  அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தாய்மாமன் தண்ணீர் சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். “நட்டு, போல்ட்டு ஏதாச்சும் உள்ளார இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தண்ணீர் புரையேறியது.

குண்டு எடுத்த இடமெல்லாம் குழி. நான் ஆசைப்பட்டுச் செய்த கேக் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. குழந்தை வாசலுக்கு ஓடியது. வரவேற்பு மேசையில் சந்தனத்தோடு வைத்திருந்த கல்கண்டை ஒரு கை அள்ளி வந்தது. குழிக்கு ஒன்றாக வைத்தது. வெட்டிய இடம் தவிர மாலை முழுசாகிவிட்டது. “இதையும் மணியா எண்ணிக்கலாம் மாமா” என்றது.

அப்புறம் அந்த அம்மா கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினார். இடுப்பில் இருந்த தன் கைக்குழந்தைக்குத்தான் முதலில் ஊட்டினார். எல்லோருக்கும் முன்னால். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். “ஏழும் கெடச்சிருச்சு” என்றேன்.  மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பிரியாணி போட்டா சாப்புட்டுட்டு வாங்க, இங்க ஒண்ணும் ஆக்குல” என்றாள்.

சாப்பிட்டேன். விடவில்லை அவர்கள். கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். கைக்குழந்தைக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள் என்றார். “செஞ்சு தருவீங்கள்ல?” என்றார். வழியில் எடுத்த முடிவைச் சொல்ல வாயைத் திறந்தேன். “செஞ்சர்லாங்க” என்றுதான் வந்தது.

இப்போதும் கேக் செய்கிறேன். அன்றைக்கு வந்தது போல் சுவர் இன்னும் ஒரு தடவைதான் வந்திருக்கிறது. தட்டை நீட்டிக்கொண்டு நின்ற அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் பயம்தான் வருகிறது, அப்புறம்தான் அப்பாடா என்று இருக்கிறது. முதலில் பயம், பிறகு நிம்மதி என்கிற அந்த வரிசை மாறாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன், டப்பாவில் பெயர் எழுத மறக்க மாட்டேன்.